மிகையாகத் தோன்றிய நடை

எனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது உறுதியாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளை வெறும் தோள்வலிக்காரனாகவே கழித்தேன். தோள்பட்டை இறுகிவிட்டது என்று சொல்லி, ஒரு சிகிச்சை நிலையத்தில் வாரத்துக்கு மூன்று நாள் படுக்கவைத்து, சூடான ஒத்தடம் கொடுத்து, மின்தூண்டல் பட்டைகளை ஒட்டி, பிறகு கையை மெல்லத் தூக்கி இறக்குவார்கள். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் நான் நடக்கும்போது அந்தக் கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டிக் கிடப்பதை அங்கே எவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கையொப்பம் பொருந்தவில்லை என்று வங்கியிலிருந்து என் காசோலை இரண்டாம் முறையாகத் திரும்பி வந்த பிறகே நரம்பியல் மருத்துவரிடம் போனேன். ஒரு பக்கத் தோள் இறுக்கம் இந்நோயின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்றாக வரக்கூடும் என்பதையும், வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்து போகப்போகச் சிறுத்துப்போவது இந்நோயின் ஓர் அடையாளம் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

இந்தப் பழைய கதையைச் சொல்லக் காரணம் உண்டு. பிசியோதெரபி, அதாவது இயன்முறை மருத்துவம், என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தப் படுக்கையும் ஒத்தடமும்தான் நினைவுக்கு வந்தன. ஆகவே, சென்ற ஆண்டு மருத்துவர் தீவிர இயன்முறைப் பயிற்சியைப் பரிந்துரைத்தபோது, படுத்துக்கொள்வதில் தீவிரம் என்ன இருக்க முடியும் என்றே நினைத்தேன். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், இடைவெளியின்றி நான்கு வாரம், ஒரு நோயாளிக்கு ஒரு பயிற்சியாளர் என மொத்தம் 16 அமர்வுகள். இவை போக வீட்டுப்பாடமும் உண்டு என்றார். பயிற்சி உள்ள நாளில் வீட்டில் ஒரு முறை, பயிற்சி இல்லாத நாளில் இரு முறை. விடுமுறை என்று எதுவும் இல்லை என்பதுதான் இதன் பொருள் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

முதல் அமர்வில் கருவி எதையும் நான் காணவில்லை. ஒரு நாற்காலி, ஒரு நீண்ட கூடம், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. என் மகள் வயதுள்ள இயன்முறை மருத்துவர் என்னை நாற்காலியின் விளிம்பில் உட்காரவைத்து, இரு கைகளாலும் தரையைத் தொட்டுப் பிறகு கூரையை எட்டுவதுபோல் மேலே நீட்டி, விரல்களை அகல விரித்துப் பத்து எண்ணும்வரை நிற்கச் சொன்னார். அடுத்துப் பக்கவாட்டில். பிறகு எழுந்து நின்று முன்னால் ஓர் எட்டு, பக்கத்தில் ஓர் எட்டு, பின்னால் ஓர் எட்டு. ஒவ்வொன்றுடனும் கைகளை முழு அகலத்துக்கு வீச வேண்டும். இறுதியாக, எடையை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றி மாற்றி ஆடும் இரண்டு அசைவுகள். ஆக மொத்தம் ஏழு அசைவுகள், ஒவ்வொன்றும் குறைந்தது எட்டு முறை. நான் செய்த ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "இன்னும் பெரிசா, சார்." அந்த நான்கு வாரத்தில் அவர் என்னிடம் வேறு எதையாவது திருத்தினாரா என்று யோசித்துப் பார்க்கிறேன், முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து என்று உறுப்பு உறுப்பாகச் சொன்னதாக நினைவில்லை. பெரிதாகச் செய்தால் முதுகு தானே நிமிர்ந்தது.

இந்தச் சிக்கனமான கட்டளையின் காரணத்தை மூன்றாம் நாள் விளக்கினார். நம் மூளையின் அடிப்பகுதியில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் உயிரணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அந்த உயிரணுக்கள் படிப்படியாக அழிவதே இந்நோய். டோபமின் குறையும்போது தசைகளின் வலிமை பெரிதாகக் குறைவதில்லை. ஓர் அசைவுக்கு எவ்வளவு விசை, எவ்வளவு வீச்சு தேவை என்று கணக்கிட்டு, நாம் நினைக்காமலேயே அதை நடத்தித் தரும் ஏற்பாடுதான் கெடுகிறது. மூளை தேவையைவிடக் குறைவான அளவில் கட்டளையிடுகிறது. அந்தக் குறைந்த அசைவே சரியான அளவு என்று உடலின் உணர்வும் சான்று சொல்கிறது. கணக்கு எழுதுபவரும் தணிக்கை செய்பவரும் ஒரே பிழையைச் செய்வதுபோல. நான் பல ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். இந்த விளக்கம் எனக்கு உடனே பிடிபட்டது.

பிடிபட்டதே தவிர, நம்பவில்லை. இரண்டாம் வார இறுதியில் அவர் என் நடையைக் கைப்பேசியில் படம் பிடித்தார். அன்று அவர் சொன்னபடியே நடந்தேன். கைகளை அணிவகுப்பில் செல்பவரைப்போல வீசி, கால்களை நீர்க்குட்டையைத் தாண்டுவதுபோல எடுத்துவைத்து, கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. எனக்கு நாணமாக இருந்தது. தெருவில் இப்படி நடந்தால் சிரிப்பார்கள் என்று அவரிடமே சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் காணொளியைக் காட்டினார். அதில் அறுபதைக் கடந்த ஒருவர், சற்று மெதுவாக, மற்றபடி எந்த விசித்திரமும் இன்றி நடந்துகொண்டிருந்தார். நீர்க்குட்டையும் இல்லை, அணிவகுப்பும் இல்லை. பிறகு, முதல் நாள் எடுத்திருந்த காணொளியைக் காட்டினார். அன்று நான் இயல்பாக நடந்ததாகவே உணர்ந்திருந்தேன். அதில் இருந்தவர் வலக் கையை மடித்து வயிற்றோடு வைத்துக்கொண்டு, செருப்பைத் தரையில் உரசியபடி, குனிந்து, சிறு சிறு அடிகளாகப் போனார்.

எனக்கு மிகையாகத் தோன்றுவதே பிறர் கண்ணுக்கு இயல்பு என்பதை அந்த இரண்டு காணொளிகள் கற்றுத்தந்த அளவுக்கு எந்த விளக்கமும் கற்றுத்தரவில்லை. அதன் பிறகு நாணம் ஓர் அளவுகோலாயிற்று: செய்யும்போது சற்றே கூச்சமாக இருந்தால் அளவு சரி, வசதியாக இருந்தால் சுருங்கிவிட்டேன் என்று பொருள். இந்தத் திருத்தம் அறிவுக்கு ஒரு நாளில் ஏறும். உடம்புக்கு ஏறுவதற்குத்தான் நூற்றுக்கணக்கான திரும்பச்செய்தல் வேண்டும். அதற்காகத்தான் அந்த அடுக்கடுக்கான 16 நாள்கள்.

இம்முறையின் வேர் குரல் பயிற்சியில் இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளின் குரல் தணிந்துபோவதும், அவர்களுக்கு அது தெரியாமலிருப்பதும் நெடுங்காலமாக அறிந்த செய்தி. 1980களில் அமெரிக்காவில் லொரெய்ன் ரேமிக் என்னும் பேச்சுத்துறை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், உச்சரிப்பையும் மூச்சையும் தனித்தனியே திருத்துவதை விட்டு, 'உரக்கப் பேசுங்கள்' என்ற ஒன்றை மட்டும் தீவிரமாகப் பழக்கும் முறையை உருவாக்கினார்கள். எல்எஸ்விடி லவுட் (லீ சில்வர்மன் குரல் சிகிச்சை; லவுட் என்றால் உரக்க) என்பது அதன் பெயர். அதே கருத்தைக் கைகால்களுக்கு விரித்ததே நான் பெற்ற இந்தப் பயிற்சி, எல்எஸ்விடி பிக் (பிக் என்றால் பெரிதாக). 2010இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில் 60 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்கு இந்த 16 அமர்வுகள். இரண்டாம் பிரிவுக்குக் கோலூன்றி வேகமாக நடக்கும் நார்டிக் நடை. மூன்றாம் பிரிவுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டில் தாமே செய்துகொள்ளும் பயிற்சி. 16ஆவது வாரத்தில், நோயின் இயக்கக் குறைபாட்டை மதிப்பிடும் அளவுகோலில் முதல் பிரிவினர் சராசரியாக 5 புள்ளி அளவுக்கு முன்னேறியிருந்தனர். மற்ற இரு பிரிவினரிடம் அத்தகைய முன்னேற்றம் இல்லை. மூன்றாம் பிரிவின் நிலைதான் எனக்கு உறைத்தது. ஒரு தாளில் அச்சிட்ட பயிற்சிப் படங்களோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அந்தத் தாளை எங்கே வைத்தோம் என்று தேடும் நோயாளிகள் எத்தனையோ பேர். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்.

இதற்கு நேர் எதிரான ஓர் ஆய்வையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் அதைச் சுட்டிக்காட்டி என் உறவினர் ஒருவர் 'பிசியோதெரபியால் பயனில்லை என்று நிரூபித்துவிட்டார்களே' என்று என்னிடம் வாதிட்டார். 2016இல் வெளியான பிரிட்டன் நாட்டு ஆய்வு அது. 762 நோயாளிகள் பங்கேற்றனர். மூன்று மாத முடிவில், சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது அது. உண்மைதான். ஆனால் அந்த நோயாளிகள் பெற்ற சிகிச்சையின் அளவைப் பார்க்க வேண்டும்: எட்டு வாரங்களில் ஏறக்குறைய நான்கு சந்திப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இது எனக்கு நான்கு நாளில் கிடைத்தது. மாத்திரையை அரைக்கால் பங்கு கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. உடற்பயிற்சிக்கும் அளவு உண்டு என்பதை மட்டும் ஏனோ எளிதில் ஏற்க மறுக்கிறோம். ஆய்வாளர்களே குறைந்த அளவிலான சிகிச்சை என்றுதான் அதைக் குறித்தார்கள் என்பதையும், இலேசானது முதல் மிதமானதுவரையான நோய்நிலையில் உள்ளவர்களைப் பற்றியே அது பேசுகிறது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

அளவைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர்களும் உண்டு. 2018இல் அச்சான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் அண்மையில் கண்டறியப்பட்டு இன்னும் மருந்து தொடங்காத 128 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் டிரெட்மில்லில் உச்ச இதயத் துடிப்பின் 80 முதல் 85 விழுக்காடு எட்டும் வேகத்தில் ஆறு மாதம் நடந்தனர். இன்னொரு பிரிவினர் 60 முதல் 65 விழுக்காடு வேகத்தில். மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல் இருந்தனர். வழக்கம்போல் இருந்தவர்களின் இயக்கக் குறைபாடு 3 புள்ளிக்கு மேல் கூடியது. வேகமாக நடந்தவர்களுக்கு ஏறக்குறைய கூடவே இல்லை. மிதமாக நடந்தவர்கள் இடையில் நின்றனர். பயிற்சி நோயின் வேகத்தையே தணிக்கிறது என்று இதைக்கொண்டு முடிவு கட்ட முடியாது என்று என் மருத்துவர் எச்சரித்தார். ஆறு மாதம் அதற்குப் போதிய காலமன்று. எனக்கோ, நோயைத் தணிக்கிறதோ இல்லையோ, நடையைத் தந்தால் போதும் என்றிருந்தது.

இடையே ஒரு பழைய செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோவிடம், நீண்ட ரயில் பயணத்துக்கும் குதிரை வண்டிப் பயணத்துக்கும் பிறகு தங்களுக்கு இதமாக இருப்பதாக நோயாளிகள் சிலர் சொன்னார்களாம். அதைக் கேட்டு அவர் மின்விசையால் அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 'நடுக்கும் வாதம்' என்று விவரித்த நோய்க்கு அவருடைய பெயரையே சூட்டியவரும் இந்த ஷார்கோதான். உட்கார்ந்தபடியே ஆட்டுவிக்கப்படுவதால் குணம் கிடைக்கும் என்ற அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒத்தடமும் மின்தூண்டலுமாக நான் கழித்த இரண்டு ஆண்டுகளும் அந்த நாற்காலியின் வேறு வடிவந்தான்.

மூன்றாம் வாரத்தில் அசைவுகள் அன்றாட வேலைகளாக மாறின. எனக்கு உண்மையில் எவை தொல்லை தருகின்றன என்று கேட்டு, ஐந்தைத் தேர்ந்துகொண்டோம்: தாழ்வான இருக்கையிலிருந்து எழுவது, இரவில் படுக்கையில் புரள்வது, சட்டைப் பொத்தான் போடுவது, பையிலிருந்து சாவியை எடுப்பது, குறுகிய இடத்தில் திரும்புவது. எழுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர வேண்டும்; பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுக்க வேண்டும்; மூக்கு கால் விரல்களைத் தாண்டும்வரை முன்னால் சாய வேண்டும்; பிறகே எழ வேண்டும். நான் அதுவரை நேராக நிமிர்ந்தபடியே எழ முயன்று பின்னால் விழுந்துகொண்டிருந்தேன். திரும்பும்போது ஒரே இடத்தில் நின்று சுழலாமல், பெரிய வளைவாக நடந்து திரும்ப வேண்டும். இந்நோயில் விழுதல்கள் பல திரும்பும் நேரத்தில்தான் நிகழ்கின்றன.

திரும்பும்போதும் வாசற்படியைக் கடக்கும்போதும் என் கால்கள் தரையில் ஒட்டிக்கொள்ளும். உறைதல் என்று இதைச் சொல்கிறார்கள். உடல் முன்னே போக, பாதம் மட்டும் பசை தடவியதுபோல் நின்றுவிடும். அந்நேரத்தில் என் மனைவி பதறிக் கையைப் பிடித்து இழுப்பார். இழுக்க இழுக்க ஒட்டல் இறுகும், இருவரும் சேர்ந்து தடுமாறுவோம். மனைவியையும் ஒரு நாள் பயிற்சிக்கு அழைத்த இயன்முறை மருத்துவர், இழுக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் சொன்னார். நிற்க வேண்டும், நிமிர வேண்டும், எடையை ஒரு காலின் மேல் சாய்க்க வேண்டும், பிறகு மற்றக் காலைப் பெரிதாக எடுத்துவைக்க வேண்டும். தரையில் குறுக்காக ஒட்டிய நாடாப் பட்டைகளும் மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியின் சீரான தட்டலும் இதற்குத் துணை செய்யும். வெறுந்தரையில் உறையும் அதே கால், கோடு ஒன்றைக் கண்டதும் தாண்டிப்போவதை நான் என் கண்ணாலேயே கண்டேன். தானாக நடத்தும் பாதை அடைபட்டிருக்க, பார்த்துக் குறிவைத்து நடக்கும் வேறொரு பாதை மூளையில் திறந்திருக்கிறது என்பது விளக்கம். இப்போது நான் நின்றுவிட்டால் மனைவி கையைக் கட்டிக்கொண்டு, "ஏங்க, அவசரமில்லை; சாஞ்சு எடுங்க" என்று மட்டும் சொல்கிறார். அவருக்கு இது என்னைவிடக் கடினமான பயிற்சியாக இருந்திருக்க வேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பயிற்சி நேரத்தை மருந்து நேரத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். குறைந்த டோபமினை ஈடுசெய்யும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் 'ஆன்' நேரத்தில் கற்றால்தான் உடம்பு கற்கிறது. எனக்கு மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அமர்வு வைத்தார்கள். உட்கார்ந்து எழும்போது இரத்த அழுத்தம் திடீரென இறங்கித் தலை சுற்றுவதும் இந்நோயில் உண்டு. ஆகவே முதல் அமர்வுக்கு முன் அதை அளக்கச் சொல்லுங்கள். இதய நோய் இருந்தால், கடும் பயிற்சிக்கு முன் இதய மருத்துவரின் ஒப்புதல் கட்டாயம். விழும் அச்சம் அதிகமிருந்தால் இடுப்புப் பட்டையோ மேலிருந்து தொங்கித் தாங்கும் வார்ப்பட்டையோ இல்லாமல் டிரெட்மில்லில் ஏற வேண்டாம். முதல் இரண்டு வாரங்களில் பிற்பகல் முழுவதும் களைப்பில் போய்விடும். அந்நாள்களில் வேறு பெரிய வேலைகளை வைத்துக்கொள்ளாதீர்கள்.

களைப்பைவிடப் பெரிய தடையைப் பற்றி எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எதையும் செய்யத் தோன்றாமை. விருப்பத்தையும் முனைப்பையும் தூண்டுவதிலும் டோபமினுக்குப் பங்குண்டு. அது குறையும்போது, செய்ய முடிந்ததைக்கூடச் செய்யத் தொடங்க மனம் வருவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு இது சோம்பலாகத் தெரியும். நோயாளிக்கும் அப்படியே தெரியும், அதுதான் கொடுமை. 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று இத்தகைய ஒருவரிடம் சொல்லி அனுப்புவது, நீரிறைக்கும் கயிற்றை அறுத்துவிட்டு நீர் குடி என்பதற்கு ஒப்பானது. தீவிரப் பயிற்சியின் பாதிப் பயன், குறித்த நேரத்தில் எனக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதில் இருந்தது. தொடங்குவதற்கு வேண்டிய உந்துதலை நான் அவரிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டேன். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டிருப்பேன், காத்திருப்பவரை ஏமாற்றக் கூச்சப்பட்டே போனேன்.

நான்கு வார முடிவில் என்ன கிடைத்தது? நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனையில் நேரம் குறைந்தது. இரவில் மனைவியை எழுப்பாமல் புரள முடிந்தது. வலக் கை நடக்கும்போது வீசியது. கை நடுக்கம் பெரிதாக மாறவில்லை. பொத்தான் போடுவது கொஞ்சம் தேறியது. இந்நோயால் முன்பே போன மோப்ப உணர்வு போனதுதான், அதற்கும் இப்பயிற்சிக்கும் தொடர்பில்லை. மருந்தின் அளவை மருத்துவர் மாற்றவில்லை. மருந்தை நிறுத்தலாம் என்ற நம்பிக்கையோடு வருபவர்கள் உண்டு என்றும், அவர்களிடம் முதல் நாளே அது நடக்காது என்று சொல்லிவிடுவதாகவும் இயன்முறை மருத்துவர் கூறினார்.

வீட்டுப்பாடத்தை விடாமல் செய்துவந்தேன்; ஆறாம் மாதம் மறுமதிப்பீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போவதற்கு முந்தைய நாள் மாலை மகளிடம் கைப்பேசியைக் கொடுத்து நடையைப் படம் பிடிக்கச் சொன்னேன். வழக்கமான பெரிய அடிகளோடு, கைகளை நன்றாக வீசி, சற்றும் கூச்சமின்றி நடந்தேன். காணொளியில் அடிகள் பழைய அளவுக்கு மோசமாக இல்லாவிட்டாலும் தெளிவாகக் குறுகியிருந்தன. வலக் கை இடுப்பை ஒட்டியே ஆடியது. கூச்சம் வராதபோதே ஐயப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் அந்தக் காணொளியைக் காட்டியதும், இயன்முறை மருத்துவர் அடுத்த வாரத்திலிருந்து எட்டு அமர்வுகள் என்று நாள் குறித்துக் கொடுத்தார்.